ஃபைட்டர் குறுக்கே நின்றும் கோப்ளின்கள் விஸார்டை எப்படி அடித்தன?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. முதலாவது: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டம், 2014 விதிப்புத்தகம், உங்கள் கேரக்டர் ஐந்தாம் லெவல் ஃபைட்டர், அதாவது வாள்வீரன். 10 அடி அகலத் தாழ்வாரத்தின் நடுவில் நீங்கள் நின்றீர்கள், 10 அடி பின்னால் மந்திரவாதியான விஸார்ட். எட்டு கோப்ளின்களில் (குட்டிப் பூத எதிரிகள்) பாதி உங்களை ஒட்டிப் போய் அவரை அடித்துப்போட்டன, உங்களுக்கு ஒரு ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கூட, அதாவது விலகிப் போகிறவன் மேல் விழும் இலவச அடிகூட, கிடைக்கவில்லை. இரண்டாவது: அடுத்த சண்டையில் "ஆக்‌ஷனை ஹோல்டு பண்ணுகிறேன், யார் கிட்டே வந்தாலும் ரெண்டு வெட்டு" என்றீர்கள், டிஎம் (ஆட்டத்தை நடத்தும் நடுவர்) ஒரு வெட்டுதான் என்றார், அதுவும் போக அந்த ரவுண்டில் அடுத்தவர் முறையின்போது செய்கிற வேறு ரியாக்‌ஷன் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். டிஎம் ஓரவஞ்சனை செய்கிறாரா என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்களை உறுத்துவது வேறு என்று தோன்றுகிறது. இந்த ஆட்டத்தில் ஒருத்தரைக் காப்பாற்ற இன்னொருத்தர் குறுக்கே நிற்க முடியுமா, முடியாதென்றால் எனக்கு எதற்கு இந்தக் கவசமும் கேடயமும் என்பதுதான் அது.

நான் இந்த ஆட்டத்தின் பழைய 3.5 பதிப்பில் ஆட ஆரம்பித்தவன், 2014 பதிப்பு வந்ததிலிருந்து பெரும்பாலும் டிஎம் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் விதி என்ன சொல்கிறது என்பதை அடித்துச் சொல்ல முடியும். கோப்ளின்கள் அப்படி நடந்துகொண்டிருக்க வேண்டுமா என்பது என் அபிப்பிராயம் மட்டும்தான். உங்கள் வரைபடத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் இடம். ஒரு கட்டம் 5 அடி, ஆகவே 10 அடித் தாழ்வாரம் என்பது இரண்டே கட்ட அகலம். அதில் நடு என்று ஒன்று கிடையாது. நீங்கள் இடது கட்டத்தில் நின்றால் வலது கட்டம் திறந்தே கிடக்கிறது. எதிரி நிற்கும் கட்டத்துக்குள் நுழைந்து போகக் கூடாது என்பது உண்மையிலேயே விதி, உருவ அளவில் இரண்டு படி வித்தியாசம் இருந்தால் மட்டும்தான் விலக்கு. நீங்கள் மீடியம், கோப்ளின் ஸ்மால், ஒரு படிதான் வித்தியாசம், ஆகவே உங்களுக்குள் புகுந்து போக முடியாது. (டிஎம் புத்தகத்தில் ஓவர்ரன், டம்பிள் என்று இரண்டு விருப்ப விதிகள் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொண்டால் பகடை போட்டு முட்டி மோதியோ உருண்டோ போகலாம். உங்கள் டிஎம் அதை வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) பக்கத்துக் கட்டம் காலி என்றால் இதெல்லாம் தேவையே இல்லை. இதே சண்டை 5 அடி வாசலில் நடந்திருந்தால் உங்கள் உடம்பே கதவு.

அடுத்தது ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், 3.5 ஆடிப் பழகியவர்கள் கட்டாயம் விழுவார்கள், நானும் விழுந்தேன். 2014 விதியில், உங்கள் கண்ணுக்குத் தெரிகிற எதிரி உங்கள் கை எட்டும் தூரத்தை விட்டு வெளியே போகும்போது மட்டும்தான் அந்த அடி. உள்ளே வரும்போது இல்லை. உள்ளேயே வட்டமடிக்கும்போதும் இல்லை. 3.5-இல் உங்கள் கைக்கெட்டிய ஒரு கட்டத்தை விட்டு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தாலே அடி விழும், அதற்குத் தப்பிக்க 5 அடி நகர்வு என்று தனி ஏற்பாடு இருந்தது. அந்த ஞாபகத்தில் 2014-ஐ ஆடினால் டிஎம் நம்மை ஏமாற்றுகிற மாதிரிதான் தெரியும்.

உங்கள் தாழ்வாரத்தையே எடுத்துக்கொள்வோம். வரிசைகளுக்கு எண் போடுங்கள். நீங்கள் இடது 5-இல், விஸார்ட் இடது 7-இல். கோப்ளின் வலது 1-இலிருந்து ஓடி வருகிறது. வலது 4-க்கு வந்ததும் மூலைவாட்டில் உங்கள் கைக்கெட்டுகிறது. வலது 5, உங்கள் தோளை உரசிக்கொண்டு. வலது 6, இன்னும் கைக்கெட்டும் தூரம்தான். இப்போது அங்கே நின்றபடி பாருங்கள்: வலது 6-க்கும் இடது 7-க்கும் மூலைவாட்டு ஒரு கட்டம். அதாவது உங்கள் எல்லையை விட்டு வெளியே போகாமலேயே அது விஸார்டின் வயிற்றில் கத்தியைச் சொருகிவிடும். 25 அடிதான் நடந்திருக்கிறது, அதன் வேகம் 30. அடுத்து வருகிற கோப்ளின் இடது 6-இல், சரியாக உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ளும், அதற்கும் அடி கிடையாது. அந்த இரண்டு கட்டமும் நிறைந்த பிறகு வருவதுதான் 7-ஆம் வரிசைக்குப் போயாக வேண்டும், உங்கள் எல்லையைத் தாண்ட வேண்டும். விஸார்ட் உங்களுக்குப் பின்னால் இரண்டாவது கட்டத்தில் நின்றாரே, இருக்கிற இடங்களிலேயே மோசமான இடம் அதுதான். உங்களோடு ஒட்டி, வலது 5-இல் நின்றிருந்தால்கூட இரண்டு பேருமாகத் தாழ்வாரத்தை அடைத்திருப்பீர்கள். அடி வாங்குவார் என்பது வேறு விஷயம், அதனால்தான் அந்த இடத்தில் பூசாரி வகை கேரக்டரான கிளெரிக் நிற்க வேண்டும் என்கிறேன்.

சரி, எல்லையைத் தாண்டியவையாவது அடி வாங்கியிருக்க வேண்டாமா? வேண்டாம், ஏனென்றால் அவை கோப்ளின்கள். மான்ஸ்டர் புத்தகத்தில் கோப்ளினுக்கு நிம்பிள் எஸ்கேப் என்று ஒரு குணம் இருக்கிறது: தன் முறை வரும் ஒவ்வொரு டர்னிலும், முக்கியச் செயலுக்கு மேல் கூடுதலாக, போனஸ் ஆக்‌ஷனாக டிஸ்என்கேஜ் (அடி வாங்காமல் நழுவுவது) செய்யலாம், அல்லது ஒளிந்துகொள்ளலாம். மற்றவர்கள் டிஸ்என்கேஜ் செய்தால் அவர்களுடைய ஆக்‌ஷன் போய்விடும், அப்புறம் அந்த டர்னில் அடிக்க முடியாது. கோப்ளின் நழுவவும் செய்யும், 30 அடி ஓடவும் செய்யும், போய்ச் சேர்ந்த இடத்தில் குத்தவும் செய்யும். 7 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள சுண்டைக்காய் ஜந்து இத்தனை தொல்லை கொடுப்பது இந்த ஒரு வரியால்தான். ஆகவே உங்களுக்கு ஒரு அடிகூடக் கிடைக்காதது சரியான தீர்ப்பு. உங்கள் டிஎம் மான்ஸ்டர் பக்கத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன்.

கோப்ளின் இல்லாமல் வேறு எதுவாக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது, ஏனென்றால் ரியாக்‌ஷன் ஒன்றுதான். உங்கள் டர்ன் தொடங்கும்போது திரும்பக் கிடைக்கும், அதுவரை ஒன்றே ஒன்று. எட்டுப் பேர் தாண்டினால் ஒருத்தனை அடிக்கலாம், ஏழு பேர் கையை வீசிக்கொண்டு போவார்கள். 3.5-இல் காம்பேட் ரிஃப்ளெக்சஸ் என்ற ஃபீட் (கேரக்டருக்கான கூடுதல் திறன்) எடுத்தால் டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு எண்) ஏற்ப ஒரு ரவுண்டில் பல பேரை அடிக்கலாம், ஒரு ஃபைட்டர் ஒரு வேலி மாதிரி நிற்க முடியும். 2014-இல் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். ஆட்டம் வேகமாக நகர்கிறது, நகர்ந்து சண்டை போடுவதற்கு எல்லோருக்கும் துணிச்சல் வருகிறது, அது லாபம். காவல் நிற்கிற ஃபைட்டருக்கு நஷ்டம். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனாலும் பழையதுக்குத் திரும்பச் சொன்னால் போகமாட்டேன். அப்போதெல்லாம் ஒவ்வொரு நகர்வுக்கும் விரலால் கட்டம் எண்ணி எண்ணியே ராத்திரி போய்விடும்.

இப்போது உங்கள் "ஹோல்டு". அப்படி ஒன்று இந்தப் பதிப்பில் இல்லை, இருப்பது ரெடி. அது வேறு ஜாதி. உங்கள் டர்னில் ஆக்‌ஷனைச் செலவழித்து, இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே சொல்கிறீர்கள். அது நடந்து முடிந்த பிறகு உங்கள் ரியாக்‌ஷனைக் கொண்டு அதைச் செய்கிறீர்கள். அதாவது ஆக்‌ஷன், ரியாக்‌ஷன் இரண்டும் காலி. இரண்டாவது வெட்டைத் தரும் எக்ஸ்ட்ரா அட்டாக் என்பது உங்கள் சொந்த டர்னில் அட்டாக் ஆக்‌ஷன் எடுத்தால் மட்டும் என்று எழுதியிருக்கிறது. அடுத்தவன் டர்னில் விழும் ரெடி அடிக்கு அது சேராது, ஆகவே ஒரு வெட்டு. டிஎம் சொன்னது இரண்டுமே சரி. இதை நான் என் மேஜையில் ரொம்ப நாள் தப்பாக நடத்தினேன், கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு வெட்டு கொடுத்தேன். விளைவு என்னவென்றால் யாரும் முன்னேறவே இல்லை, இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்று "நீ வா, நீ வா" என்று காத்துக்கொண்டிருந்தன. விதி ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ரெடி ஸ்பெல்லில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது, உங்கள் விஸார்டிடம் சொல்லிவையுங்கள். ஸ்பெல்லை அப்போதே போட்டதாகக் கணக்கு, ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை என்று இருக்கும் மந்திர வாய்ப்பு) அங்கேயே போய்விடும், ரியாக்‌ஷன் வரும்வரை கான்சென்ட்ரேஷன், அதாவது அதிலேயே கவனம், பிடித்திருக்க வேண்டும், ஏற்கெனவே ஒன்றைப் பிடித்திருந்தால் அது அறுந்துவிடும். எங்கள் ஆட்டம் ஒன்றில் விஸார்ட் "அந்தக் கதவு திறந்தால் ஃபயர்பால்" என்றார். கதவு திறந்தது. திறந்தவர் எங்கள் ரோக் (பூட்டு, திருட்டு வித்தை தெரிந்த கேரக்டர்), வேறு வழியாகச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்திலிருந்து பூட்டை நெம்பித் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று விதி இருக்கிறது, அதனால் ரோக் கருகவில்லை. ஆனால் அந்த மூன்றாம் லெவல் ஸ்லாட் காற்றோடு போயிற்று. நிபந்தனையைக் கறாராகச் சொல்ல வேண்டும்: கதவு திறந்து, அதில் எதிரி ஒருத்தன் தெரிந்தால். அப்படிச் சொல்லியிருந்தாலும் ஸ்லாட் போயிருக்கும்தான். எதிரி கண்ணுக்குத் தெரியாதபோது மட்டும் ரெடி லாபம், தெரிகிறவனை அப்போதே இரண்டு வெட்டு வெட்டுவதுதான் மேல்.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்? எங்கே நிற்பது என்பதுதான் பாதி வேலை. ஒடுங்கிய வாசல் கிடைத்தால் அதற்குள்ளேயே நிற்காதீர்கள், ஒரு கட்டம் உள்ளே தள்ளி நில்லுங்கள், கிளெரிக்கும் ரோக்கும் உங்களுக்கு இரண்டு பக்கமும். வாசலில் கால் வைக்கிற முதல் ஆளை மூன்று பேர் அடிக்கலாம், கிட்டே வந்து அடிக்க அவர்களால் ஒருத்தனைத்தான் அனுப்ப முடியும். இதில் ஒரு ஓட்டை: கோப்ளின்களிடம் ஷார்ட்போ இருக்கும், 80 அடிவரை தடையில்லாமல் எய்யும். ஆகவே விஸார்ட் வாசலுக்கு நேரே நிற்கக் கூடாது, சுவரோரம் ஒதுங்கி நின்று, தன் டர்னில் எட்டிப் பார்த்து ஸ்பெல் போட்டுவிட்டுத் திரும்ப ஒதுங்க வேண்டும். நகர்வைப் பிரித்துப் பிரித்துச் செய்யலாம் என்பதை இந்தப் பதிப்பு எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது, கோப்ளின்கள் மட்டும்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று இல்லை. நேரே நிற்க வேண்டிய கட்டாயம் வந்தால், இடையில் ஒரு உடம்பு இருந்தாலே, நண்பனோ எதிரியோ, அரை மறைவு, ஏசிக்கு (நம்மை அடிக்க எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்) 2 கூடும்.

அகலத் தாழ்வாரத்தில் மாட்டிக்கொண்டால், உண்மையைச் சொல்கிறேன், அங்கே தடுப்பது உங்கள் வேலை இல்லை, விஸார்டின் வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் லெவலில் ஸ்ட்ரெங்த் 18 என்று வைத்தால் உங்களுக்கு +7, கோப்ளின் ஏசி 15, அதாவது இருபது முகப் பகடையில் 8-உம் மேலேயும் விழுந்தால் போதும், 65 சதவீதம். லாங்ஸ்வோர்டோடு டூயலிங் ஸ்டைல் என்ற ஒற்றைக் கை ஆயுதப் பயிற்சியும் இருந்தால் குறைந்தபட்ச அடியே 7, ஆகவே பட்டால் ஒரே வெட்டில் காலி. அப்படியும் இரண்டு வெட்டுக்குச் சராசரி 1.3 கோப்ளின். எட்டையும் நீங்கள் ஒருவரே முடிக்க ஆறேழு ரவுண்டு. கிராப்பிள் செய்து பிடித்துக்கொண்டால் வேகம் பூஜ்யம், பெரிய ஒற்றை எதிரிக்கு அருமையான வித்தை, கூடவே கீழே தள்ளிவிட்டால் எழுந்திருக்கவும் முடியாது. ஆனால் 7 ஹிட் பாயின்ட் ஜந்துவைப் பிடித்துவைப்பதைவிட வெட்டிப்போடுவது எளிது.

அதே நேரத்தில் கிரீஸ் என்ற முதல் லெவல் ஸ்பெல்லைப் பாருங்கள். 10 அடிக்கு 10 அடி சதுரம். உங்கள் தாழ்வார அகலம் 10 அடி. அளவெடுத்துத் தைத்த மாதிரி சுவர் முதல் சுவர்வரை மூடிக்கொள்கிறது. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டை நகர்வு செலவு, கால் வைத்ததும் டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை), தவறினால் விழ வேண்டும். ஓரத்திலேயே நிற்கிற கோப்ளின் உள்ளே ஒரு கட்டம் வைக்கிறது, 10 அடி போயிற்று. சறுக்கி விழுகிறது. எழ 15 அடி, பாதி வேகம். மிச்சம் 5, அடுத்த கட்டத்துக்கு 10 வேண்டும். டிஸ்என்கேஜ் இருந்தும் பிரயோஜனம் இல்லை, எண்ணெயிலேயே டர்னை முடித்து இன்னொரு சேவ் போட வேண்டும். எல்லாம் விழாது, கோப்ளினுக்குக் கால் சுறுசுறுப்பு அதிகம், எட்டில் சில தாண்டி வரத்தான் செய்யும். நாலைந்து அங்கே வழுக்கிக்கொண்டிருக்க இரண்டு மூன்று மட்டும் வந்தால், அது ஃபைட்டருக்கான சண்டை. கிரீஸுக்கு கான்சென்ட்ரேஷன் தேவையில்லை என்பது கூடுதல் சௌகரியம். இரண்டாம் லெவல் ஸ்பெல்லான வெப் (வலை) இன்னும் கெட்டி, ஆனால் அதற்கு கான்சென்ட்ரேஷன் பிடித்தாக வேண்டும், அடி வாங்கினால் அறுந்துபோகலாம்.

ஃபீட் பற்றி. உங்கள் டிஎம் ஃபீட்களை அனுமதித்தால், ஃபைட்டருக்கு ஆறாம் லெவலில் மற்ற கிளாஸ்களுக்கு இல்லாத ஒரு கூடுதல் வாய்ப்பு வருகிறது, உங்களுக்கு அது அடுத்த லெவல். சென்டினல் என்ற ஃபீட்டை எடுங்கள். அதோடு டிஸ்என்கேஜ் செய்து நழுவுகிறவனையும் அடிக்கலாம், பட்டால் அவன் வேகம் அந்த டர்னுக்குப் பூஜ்யம், பக்கத்தில் நிற்கிறவன் உங்களை விட்டு வேறொருவரை அடித்தால் அதற்கும் ஒரு அடி. வலது 6-இல் நின்று விஸார்டைக் குத்தியதே, அந்தக் கோப்ளினுக்கு இதுதான் பதில். ரியாக்‌ஷன் அப்போதும் ஒன்றுதான், மறந்துவிடாதீர்கள். நீண்ட ஆயுதக்காரர்களுக்கான போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட்டும் சேர்த்து எடுத்தால் 10 அடி தள்ளியே நிறுத்தலாம் என்று பலரும் எழுதுவார்கள். 2014 விதியில் அது உண்மை, ஏனென்றால் உள்ளே வருகிறவன் மேல் விழும் அந்த அடியை ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் என்றே எழுதியிருந்தார்கள். 2024 திருத்தத்தில் அந்தச் சொல் அங்கே இல்லை, தனி ரியாக்‌ஷன் ஆக்கிவிட்டார்கள், அதனால் சென்டினலின் நிறுத்தும் சக்தி அதோடு ஒட்டாது என்பதுதான் என் வாசிப்பு. 2024 விதியில் நான் நடத்தியது சில ஆட்டங்கள்தான், அந்தப் புத்தகத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் டிஎம்மிடம் முன்னாலேயே கேட்டுவிட்டு எடுங்கள்.

இனி சந்தேகத்துக்கு இடமான பகுதி. விதிப்படி முடியும் என்பதற்காகக் கோப்ளின்கள் அப்படிச் செய்யத்தான் வேண்டுமா? விதிப்புத்தகம் இதில் வாய் திறப்பதில்லை. கோப்ளினின் இன்டெலிஜென்ஸ் 10, சாதாரண மனிதன் அளவு. முட்டாள்கள் இல்லை. தடித்த இரும்புக்காரனை விட்டுவிட்டு அங்கி போட்டவரைக் குறிவைக்கிற புத்தி அவற்றுக்கு உண்டு, குறிப்பாக அவர் ஏற்கெனவே ஒரு ஃபயர்பால் போட்டிருந்தால். ஆனால் ஏழு ஹிட் பாயின்டை வைத்துக்கொண்டு, முன்னால் போன தோழன் இரண்டு துண்டாக விழுந்ததைப் பார்த்த பிறகும், எட்டும் ஒன்று விடாமல் ராணுவ ஒழுங்கோடு உள்ளே ஓடி வருமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. 1981 பேசிக் பதிப்பில் இதற்கு மொரால் என்று ஒரு எண் இருந்தது. கோப்ளினுக்கு 7. முதல் ஆள் செத்ததும் ஒரு தடவை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு தடவை இரண்டு ஆறு முகப் பகடை உருட்டுவார்கள், 7-க்கு மேல் வந்தால் பின்வாங்கும், கிட்டத்தட்ட 42 சதவீத வாய்ப்பு. 2014 டிஎம் புத்தகத்திலும் விஸ்டம் சேவ் 10 என்று ஒரு விருப்ப விதி மூலையில் கிடக்கிறது, யாரும் அதைத் தொடுவதில்லை. நான் தொடுகிறேன். என் மேஜையில் கோப்ளின்கள் பாதிச் சண்டையில் ஓடிவிடும், அப்புறம் இருட்டில் எங்கோ இருந்து அம்பு விடும். ஒவ்வொரு தடவையும் கடைசி ஆள்வரை சண்டை போடுவது சோம்பிகளுக்கு விட்டுவைத்த பெருமை. இது என் ருசி. உங்கள் டிஎம்முக்கு வேறு ருசி இருந்தால் அது தப்பில்லை.

விதியா, நடுவரின் தீர்ப்பா என்ற இந்தச் சண்டை நம் பொழுதுபோக்கைவிட மூத்தது. பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் 1820-களிலிருந்து கிரீக்ஸ்பீல் என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தை ஆடினார்கள், அட்டவணைகள் பெருகிப் பெருகி ஆட்டமே நகராமல் போனது. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள், அனுபவமுள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பு என்று எழுதினார். நடுவர் மோசமானவராக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அன்றைக்கே வந்திருக்கும்.

உங்கள் டிஎம்மிடம் பேசும்போது "நீங்கள் ஏமாற்றினீர்கள்" என்று ஆரம்பிக்க வேண்டாம், அவர் ஏமாற்றவில்லை. நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று, அதுவும் சண்டைக்கு நடுவில், உங்கள் டர்னில், வரைபடத்தில் உங்கள் பொம்மையை வைப்பதற்கு முன்னால்: "நான் இங்கே நின்றால் அவர்கள் என்னைத் தாண்டிப் போக முடியுமா?" வருஷக்கணக்கில் வாள் பிடித்த உங்கள் கேரக்டருக்கு அது பார்த்ததுமே தெரிந்திருக்கும், உங்களுக்குத்தான் தெரியவில்லை, ஆகவே டிஎம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. நான் எப்போதும் சொல்லிவிடுவேன். முடியும் என்று அவர் சொன்னால் பொம்மையை அங்கே வைக்காதீர்கள், விஸார்ட் ஆடுகிறவர் பக்கம் திரும்பி கிரீஸ் தயார் செய்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.